ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் யுஎஸ்பி: ஆன்டி-ஸ்கேட் டயலை எவ்வளவு நம்பலாம்?

வாங்கலாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய எல்.பி., ஈ.பி. ரெக்கார்டுகளைப் பரணிலிருந்து இறக்கி மறுபடி கேட்க நினைப்பவர்களுக்கு, சூட்கேஸ் மாடல் பிளேயரைத் தாண்டி முதலில் சொல்ல வேண்டிய டர்ன்டேபிள் இதுதான். முள்ளைத் தாங்கும் டோன்ஆர்மில் எடை, உயரம், ஆன்டி-ஸ்கேட் (முள் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் எதிர்விசை) மூன்றையும் நம் கையால் மாற்ற முடிகிறது என்பதே பெரிய காரணம். ஒரு நிபந்தனை உண்டு. ஆன்டி-ஸ்கேட் டயலை 2-ல் வைத்துவிட்டு அதோடு விட்டுவிடக் கூடாது. டயலில் இருக்கும் எண் தொடங்குவதற்கான இடம்தான். சரியான இடத்தை வலது சானல் சொல்லும்.

பெட்டியில் என்ன வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைரக்ட் டிரைவ் மோட்டார், வார்ப்பு அலுமினியத் தட்டு, எஸ் வடிவ டோன்ஆர்ம், ஆர்மின் முனையில் மாட்டும் ஏடி-எச்எஸ்6 ஹெட்ஷெல், அதில் ஏற்கெனவே பொருத்திய ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின் சிக்னலாக்கும் பகுதி). 33, 45, 78 என மூன்று வேகம். பின்பக்கம், உள்ளே இருக்கும் ப்ரீஆம்பை (மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சுற்று) லைனில் சேர்க்கவும் ஃபோனோவில் விலக்கவும் ஃபோனோ/லைன் சுவிட்ச், கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பி. முழுக்க மேனுவல், அதாவது பாட்டு முடிந்தால் முள்ளை நாம்தான் தூக்க வேண்டும். வேகம் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடுவதால் ஊரில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஸ்ருதி அசையாது. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. வாங்கும் நாளில் நாலு இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆர்முக்கு வருவோம். இந்த ஆர்மின் நீளம் பிவட்டிலிருந்து (ஆர்ம் திரும்பும் அச்சு) முள் நுனி வரை 230.5 மி.மீ. நுனி, தட்டின் நடுக்கம்பியான ஸ்பிண்டிலைத் தாண்டி 17 மி.மீ. வெளியே நிற்கும், அதுதான் ஓவர்ஹேங். ஹெட்ஷெல்லும் சாய்ந்திருக்கிறது. ரெக்கார்டின் பள்ளம் முள்ளை உரசி இழுக்கும் திசையும், பிவட்டை நோக்கிய கோடும் ஒன்றாக இருப்பதில்லை; இரண்டுக்கும் நடுவே இருபது டிகிரிக்கு மேல் கோணம். அந்தக் கோணத்தால் இழுப்பின் ஒரு பகுதி ஆர்மை ஸ்பிண்டில் பக்கம் திருப்பும். அதைத்தான் ஸ்கேட்டிங் என்கிறோம். அதன் அளவு, முள் எடையில் (முள் பள்ளத்தை அழுத்தும் எடை) சுமார் பத்தில் ஒரு பங்கு. 2 கிராம் வைத்தால் 0.2 கிராம் சுற்றுவட்டாரத்தில் உள்பக்கம் இழுக்கும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இரண்டு சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் நுனிக்கு அது பெரிய விஷயம்.

இந்த இழுப்பு ஒரே அளவாகவும் இருப்பதில்லை. இந்த ஆர்மின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், வெளி ஓரத்தில் கோணம் 25 டிகிரிக்கு மேல், நடுவில் 22 டிகிரி, லேபிள் அருகே மறுபடி 24-ஐ நெருங்குகிறது. அதோடு பாட்டின் சத்தம் கூடும் இடத்தில் உரசலும் கூடும். ரெக்கார்டின் பிளாஸ்டிக் கலவை, முள் நுனியின் வடிவம் எல்லாம் சேர்ந்து மாற்றும். ஆகவே ஒரு பக்கம் முழுக்கத் துல்லியமான ஆன்டி-ஸ்கேட் என்று எந்த டர்ன்டேபிளிலும் கிடையாது. நாம் தேடுவது, எங்கே மோசமாகக் கெடுமோ அங்கே கெடாமல் இருக்கும் ஒரு நடு இடம்.

காதில் இது எப்படி விழும்? ஸ்டீரியோ பள்ளத்தில் ஸ்பிண்டில் பக்கச் சுவர் இடது சானல், வெளிப்பக்கச் சுவர் வலது சானல். ஆன்டி-ஸ்கேட் குறைந்தால் முள் உட்சுவரை அழுத்தி, வெளிச்சுவரை விட்டு விலகித் துள்ளும். வலது ஸ்பீக்கரில் 'ஸ்', 'ச' ஒலிகள் எச்சில் தெறிப்பது போலக் கேட்கும். வயலின் மேல் ஸ்தாயியில் போகும்போது மணல் கலந்தது போல ஒரு கரகரப்பு. கூடிப்போனால் அதே கோளாறு இடது பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கரகரத்தால் அது ஆன்டி-ஸ்கேட் விஷயமே இல்லை: முள்ளில் அழுக்கு, முள் எடை போதாமை, தேய்ந்த முள், அல்லது பின்பக்க சுவிட்சை லைனில் வைத்து ஆம்பிளிஃபயரின் ஃபோனோ வாயில் சொருகியது. கடைசியில் சொன்னது அடிக்கடி நடக்கும். ப்ரீஆம்ப் இரண்டு முறை வேலை செய்தால் எல்லாமே உடைந்துதான் கேட்கும்.

டயலைத் தொடுவதற்கு முன் இன்னொரு சோதனை. ஆம்பிளிஃபயரின் பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ முனைகளை இடம் மாற்றிச் சொருகுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ஆர்ம் பக்கம் அல்லது ரெக்கார்டில். தாவாமல் அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஆம்பிளிஃபயரையோ ஸ்பீக்கரையோ பாருங்கள். ஹெட்ஷெல்லின் நாலு ஒயரையும் ஒருமுறை சரிபார்க்கலாம்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். யாராவது கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது இடம் வலம் மாற்றிக் கோத்திருந்தால், நீங்கள் டயலைத் தப்பான திசையில் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

செட்டிங் வரிசை முக்கியம். முதலில் மேடை. ரசமட்டத்தைத் தட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். டர்ன்டேபிள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆர்மும் அந்தப் பக்கம் நகரப் பார்க்கும். அதை ஆன்டி-ஸ்கேட்டால் சரிசெய்யப் போனால் ஒரு தப்பின் மேல் இன்னொரு தப்பு. அடுத்தது கார்ட்ரிட்ஜின் கோணம். கம்பெனியில் பொருத்தி வந்ததுதானே என்று விட்டுவிடாமல் கோணம் பார்க்கக் கோடு போட்ட புரோட்ராக்டர் அட்டையில் வைத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் பொருத்துவதற்கான பேர்வால்ட் கணக்குப்படி ஸ்பிண்டிலிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என இரண்டு இடத்திலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். விஎம்95 உடலிலேயே மரை இருப்பதால் நட்டு தேவையில்லை, திருகு மட்டும்தான், வேலை சுலபம்.

பிறகு எடை. ஆன்டி-ஸ்கேட்டை 0-க்குக் கொண்டுவாருங்கள். முள் மூடியைக் கழற்றி, ஆர்மை ஏற்றி இறக்கும் கியூ லிவரை இறக்கி, ஆர்ம் தராசு முள் மாதிரி கிடைமட்டமாக மிதக்கும் வரை ஆர்மின் பின்னால் உள்ள கவுண்டர்வெயிட்டைத் திருகுங்கள். ஆர்மை ஸ்டாண்டில் பூட்டி, வெயிட் அசையாமல் பிடித்துக்கொண்டு முன்னால் இருக்கும் எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். அதன்பின் வெயிட்டை வளையத்தோடு சேர்த்து 2 வரை. விஎம்95இ-க்கு அனுமதித்த எல்லை 1.8 முதல் 2.2 கிராம், பொதுவாக 2.0. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் வளையத்தைக் கண்மூடி நம்ப வேண்டியதில்லை. ஆனால் தராசை ரெக்கார்டின் மேல்மட்ட உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். தட்டின் மேல் தடியான தராசை வைத்தால் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து அளவு மாறும். எடை குறைவாக இருக்கும்போது ஆன்டி-ஸ்கேட் தேடுவது வீண். கரகரப்பு இருந்தால் முதலில் 2.1, 2.2 வரை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் டயலுக்கு வர வேண்டும்.

ஆர்ம் மிதக்கும் நிலையிலேயே ஒரு பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். ஹெட்ஷெல் மேல் மெதுவாக ஊதினால் ஆர்ம் இரண்டு பக்கமும் தட்டுத் தடங்கல் இல்லாமல் நகர வேண்டும். பிறகு டயலை 0-லிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஆர்ம் தானாக ஸ்டாண்ட் பக்கம் நகர ஆரம்பிக்க வேண்டும். 1-ஐத் தாண்டியும் அசையவில்லை என்றால் உள்ளே சுருள்வில்லோ பிவட்டோ சிக்கியிருக்கிறது. புதுப் பெட்டியாக இருந்தால் அப்படியே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாமல் காசை எடுக்காதீர்கள்.

இப்போது டயலை எடைக்குச் சமமாக 2-ல் வையுங்கள். வழக்கமான கையேட்டு ஆலோசனை இங்கே முடிந்துவிடும். நமக்கு இனிமேல்தான் வேலை.

பலர் வழவழ தட்டு, அதாவது பள்ளமே இல்லாத வெற்று ரெக்கார்டு வாங்கி அதில் முள்ளை வைத்து, ஆர்ம் நகராமல் நிற்கும் வரை டயலைத் திருகுகிறார்கள். பார்க்க அழகான சோதனை. ஆனால் வெற்றுத் தட்டில் உரசுவது முள்ளின் அடிநுனி. பாட்டு ஓடும்போது உரசுவது அதன் இரண்டு விலாப்பக்கமும், அதுவும் 45 டிகிரி சாய்ந்த சுவர்களில். தொடும் இடமும் வேறு, அழுத்தமும் வேறு, அலைகளும் கிடையாது. அங்கே கிடைக்கும் எண்ணைப் பாட்டுக்குப் பொருத்துவதில் அர்த்தமில்லை. இழுப்பு இருக்கிறது, டயல் திருகினால் மாறுகிறது என்று கண்ணால் காட்டத்தான் அது உதவும். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

டெஸ்ட் ரெக்கார்டுகளில் 300 ஹெர்ட்ஸ் டோன் படிப்படியாகச் சத்தம் கூடி வரும். கடைசிப் படி வரை இரண்டு சானலும் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று டயலைத் திருகிக்கொண்டே போனால், சாதாரணப் பாட்டுக்குத் தேவையானதைவிட அதிகமான ஆன்டி-ஸ்கேட்டில் போய் நிற்போம். கடைசிப் படியின் சத்தம் எந்தக் கச்சேரி ரெக்கார்டிலும் வராது. நடுப் படிகளில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் போதும், கடைசிப் படியில் இரண்டும் ஒரே நேரத்தில் உடைந்தால் அதுவும் நல்ல அறிகுறிதான்.

இந்த டர்ன்டேபிளில் இதைவிட நல்ல வழி இருக்கிறது, அதற்குத்தான் யுஎஸ்பி. நம் ஊர் வீடுகளில் தாராளமாகக் கிடைக்கும் 1960-களின் மோனோ சினிமா ஈ.பி. ஒன்றை எடுங்கள். கீறல் இல்லாத, அதிகம் ஓடாத தட்டாகப் பார்த்து, கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மோனோ பள்ளத்தில் இரண்டு சுவரிலும் ஒரே ஒலிதான் செதுக்கியிருக்கும். ஆகவே இரண்டு சானலுக்கும் நடுவே வரும் வித்தியாசம் முழுக்க முள், ஆர்ம், தட்டின் தேய்மானம் ஆகியவற்றால் வந்ததுதான். லேபிளை ஒட்டிய கடைசி முப்பது விநாடியை, பாடகி 'ஸ்' அழுத்திப் பாடும் இடமாகப் பார்த்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவுசெய்யுங்கள். டயலை 1, 1.5, 2, 2.5 என வைத்து நாலு பதிவு. ஒவ்வொன்றையும் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து இரண்டாகப் பிரியுங்கள். கார்ட்ரிட்ஜில் இடது வலது சத்தம் அச்சாகச் சமமாக இருக்காது என்பதால், குறைவாக இருப்பதை ஆம்ப்ளிஃபை செய்து சமப்படுத்துங்கள். பிறகு ஒன்றை மட்டும் 'இன்வெர்ட்' செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

பாட்டு பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிச்சம் கேட்பது பொரிப்பொரிச் சத்தமும், தூரத்தில் மெலிந்த குரலும். அந்த மிச்சத்தில் ஒவ்வொரு 'ஸ்'-ஸும் தகரத்தைச் சுரண்டுவது போலத் துருத்திக்கொண்டு வருகிறதா என்று கேளுங்கள். எந்தப் பதிவில் அது மிகக் குறைவோ அந்த எண்ணே உங்கள் செட்டுக்கு. நாலு பதிவிலும் ஒரே மாதிரி வந்தால் தட்டு ஏற்கெனவே கெட்டது, வேறு ஈ.பி. எடுத்துப் பாருங்கள். ஆன்டி-ஸ்கேட்டே இல்லாத பழைய பிளேயரில் கனமான முள்ளோடு பல வருஷம் ஓடிய தட்டுகளின் வெளிச்சுவர் சிதைந்திருக்கும். அதற்கு எந்த டயலும் மருந்தில்லை.

விஎம்95இ-யோடு பெரும்பாலும் 1.5-க்கும் 2-க்கும் நடுவில்தான் போய் நிற்கும். 1-க்குக் கீழே அல்லது 2.5-க்கு மேலே போகச் சொன்னால் டயலைச் சந்தேகிக்காமல் ரசமட்டத்துக்கும் புரோட்ராக்டருக்கும் திரும்பிப் போங்கள். கண்ணாலும் ஒருமுறை பார்க்கலாம்: ஓடும் தட்டில் முன்பக்கமாகக் குனிந்து, டார்ச் அடித்து, முள் நுனியைத் தாங்கும் மெல்லிய கம்பியான கான்டிலீவரைப் பாருங்கள். அது கார்ட்ரிட்ஜ் உடலுக்கு நடுவில் நிற்காமல் வெளி ஓரம் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆன்டி-ஸ்கேட் குறைவு, ஸ்பிண்டில் பக்கம் ஒதுங்கியிருந்தால் அதிகம். முள்ளை வைப்பதற்கு முன்னாலேயே கோணலாக இருந்தால் கான்டிலீவரே வளைந்திருக்கிறது, முள்ளை மாற்றுங்கள்.

முள் மாற்றுவதில் இந்தக் கார்ட்ரிட்ஜ் நல்ல வசதி. விஎம்95 வரிசையில் கோனிகல், எலிப்டிகல் (விஎம்95இ-யில் இருப்பது), மைக்ரோலீனியர், ஷிபாட்டா என்ற நுனி வடிவங்கள் எல்லாம் ஒரே உடலில் சொருகும். எல்பி ஓட்டும் முட்கள் எல்லாவற்றுக்கும் 2 கிராம்தான் சரி. எலிப்டிகலுக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1000. கூடுதல் காசு கொடுத்து மைக்ரோலீனியருக்குப் போவது நீண்டகாலக் கணக்கில் லாபம்தான். ஆனால் நுனி வடிவம் மாறினால் உரசலும் மாறும், அந்த ஈ.பி. சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும். எடையை மாற்றினாலும் அப்படியே.

முள் தாவுவதை ஆன்டி-ஸ்கேட்டால் நிறுத்தப் பார்ப்பது இங்கே அதிகம் காணும் தப்பு. புதுச்சேரியின் பழைய வீடுகளில் மரவிட்டம் போட்ட மாடித் தரை, ஒருவர் வேகமாக நடந்தாலே அதிரும். ஆர்ம் துள்ளும். உடனே டயலை 3-க்கு ஏற்றுவார்கள். துள்ளல் அப்படியே இருக்கும், இடது சானலும் கூடவே கெடும். கனமான பலகையைச் சுவரில் அடித்து அதன்மேல் டர்ன்டேபிளை வைப்பதுதான் தீர்வு. ஸ்பீக்கரை அதே மேஜையில் வைக்காதீர்கள். தரை அதிராமலேயே முள் எப்போதும் உள்பக்கமாகவே தாவினால் மட்டும் ஆன்டி-ஸ்கேட் குறைவு என்று சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாடினால் பெரும்பாலும் கீறல் அல்லது ஒட்டிய அழுக்கு.

உப்புக்காற்று தனிக் கதை. கடற்கரையை ஒட்டிய வீதிகளில் ஹெட்ஷெல்லின் மின்தொடர்புக் காம்புகள் சீக்கிரம் மங்கும். ஒரு சானல் விட்டு விட்டு வரும். பலர் அதையும் ஆன்டி-ஸ்கேட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலர் வளையத்தைத் தளர்த்தி ஹெட்ஷெல்லைக் கழற்றி, காம்புகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிவட்டில் தையல் மிஷின் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. சில மாதத்தில் தூசியோடு சேர்ந்து பிசினாகி ஆர்மைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஊதினாலும் நகராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டர்ன்டேபிளைவிட ரெக்கார்டு உறைகள்தான் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை முள்ளில் திரண்டாலும் கரகரப்பு வரும், அதுவும் இரண்டு பக்கமும்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 78 தட்டு கண்ணில் பட்டு வாங்கிவிட்டால் கவனம். டர்ன்டேபிள் 78-ல் சுற்றும் என்பதால் கூட வந்த முள்ளை அதில் வைக்காதீர்கள். அந்தப் பள்ளம் அகலமானது. இந்த முள் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் பாடும், தானும் தேயும். 78-க்கென்று விஎம்என்95எஸ்பி என்ற தனி முள் இதே உடலில் சொருகும். அதற்கான எடை மிக அதிகம் என்பதால் கவுண்டர்வெயிட்டை முதலிலிருந்து செட் செய்ய வேண்டும். மாற்றி மாற்றிக் கேட்பவர்கள் இரண்டாவது ஹெட்ஷெல் ஒன்றை உடலோடு தனியாக வைத்துக்கொண்டால் சிரமம் குறையும்.

மற்ற கம்பெனிகளில் ஆன்டி-ஸ்கேட் வேறு விதமாக இருக்கும். புரோ-ஜெக்ட் டெபியூ கார்பனில் நைலான் நூலில் தொங்கும் சின்ன எடை. பிவட்டுக்குப் பின்னால் உள்ள காடிகளில் மாட்டி அளவு மாற்ற வேண்டும். எளிமையானது, நம்பகமானது, ஆனால் மின்விசிறிக் காற்றிலும் வீடு பெருக்கும் துடைப்பத்திலும் நூல் தொலையும் ஊர் நம்முடையது. நடு அளவுகளும் அதில் கிடைக்காது. 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2-வின் டயலும் இதே பாணிதான். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதுவும் தாராளமாக வாங்கலாம், மேலே சொன்ன மிதக்கும் சோதனையில் தேறினால். பிளாஸ்டிக் சூட்கேஸ் பிளேயர்களில் பொதுவாக ஆன்டி-ஸ்கேட்டும் இல்லை, எடை மாற்றவும் வழியில்லை. அம்மா அப்பா காலத்து ரெக்கார்டை அதில் ஓட்ட வேண்டாம்.

முள்ளை வைத்தால் பாட வேண்டும், முடிந்தால் தானாகத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு எல்பி120எக்ஸ் ஒத்துவராது. அவர்கள் ஆட்டோமேட்டிக் மாடல் பார்க்கட்டும். பாட்டு நடுவில் கரண்ட் போனாலும் முள் பள்ளத்திலேயே நிற்கும். கரண்ட் வரும் வரை காத்திராமல் கியூ லிவரால் தூக்கி ஆர்மைப் பூட்டிவிடுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கோ மறுபடி அங்கேயோ வண்டியில் கொண்டுபோக நேர்ந்தால் தட்டு, கவுண்டர்வெயிட், ஹெட்ஷெல் மூன்றையும் கழற்றி, முள் மூடியைப் போட்டு, ஆர்மைப் பூட்டுவதோடு நிற்காமல் ஒரு துணி நாடாவால் ஸ்டாண்டோடு கட்டுங்கள். ஆன்டி-ஸ்கேட் டயலை 0-க்குக் கொண்டுவந்துவிட்டு, கண்டுபிடித்த எண்ணைப் பென்சிலால் தூசி மூடியின் உள்பக்கம் எழுதிவையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ரசமட்டம், மிதப்பு, எடை மூன்றையும் புதிதாகச் செய்த பிறகுதான் டயலை அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும்.